பழைய மிரர் டிங்கி: உடலைத் தேற்றிச் சாமான் பொருத்த ஆலோசனை வேண்டும்

#1 தேம்ஸ்கரையான்

வணக்கம். பக்கத்துத் தெருவில் ஒரு கராஜில் வருடக்கணக்காகக் கிடந்த மிரர் டிங்கி (சின்னப் பாய்ப்படகு) ஒன்று இப்போது எங்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. 1970களில் யாரோ பாகங்களாக விற்கும் கிட் வாங்கி வீட்டிலேயே கட்டியது. இடத்தைக் காலி செய்தால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள்.

படகின் உடலோடு கூட வந்தவை: மரத்தாலான பாய்மரம், பருமல் (பாயின் மேல்பக்கத்தைத் தாங்கும் மரம்), சிவப்புப் பாய் இரண்டு, சுக்கான், டாகர்போர்டு (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை), ஒரு டப்பா நிறைய கொக்கிகளும் கப்பிகளும். துடுப்பு இல்லை. கயிறெல்லாம் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கிறது.

மரவேலை எனக்கு ஓரளவு வரும், படகு வேலை புதிது. மகளோடு ரீடிங் பக்கம் தேம்ஸில் ஓட்டிப் பழகி, பிறகு கடலோரம் போக வேண்டும் என்று ஆசை. கடைத் தளத்தில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்: புதுப் பாய், புதுக் கப்பிகள், கயிற்றைப் பிடித்து வைக்கும் கிளீட், ஸ்டெயின்லெஸ் கம்பி, சின்ன எஞ்சின், திசைகாட்டி. எதை முதலில் வாங்கலாம்? எது தேவையே இல்லை?

---

#2 வல்வைக்காற்று

தம்பி, நல்ல படகு கைக்கு வந்திருக்கு. கொஞ்சம் கதை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாறன்.

மிரர் வெளிவந்தது 1963 ஜனவரியில், லண்டன் படகுக் கண்காட்சியில். டெய்லி மிரர் பத்திரிகை முன்னின்று செய்த திட்டம் அது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கினார்கள். அப்போது கிட்டின் விலை 63 பவுண் 11 ஷில்லிங். சாதாரணச் சம்பளக்காரரும் படகு வைத்திருக்கலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. இதுவரை 70,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். நீளம் 3.3 மீட்டர், உடல் 45 கிலோ சொச்சம், இரண்டு பேர் தூக்கிக் காரின் மேல் வைத்துவிடலாம். பாய்மரம் குட்டை, மேலே பருமல் ஏறும். கழற்றினால் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கும்.

ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடா வைத்துப் பிசின் பூசுவதுதான் இதன் கட்டுமுறை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கப்பல். அதைக் கட்டினது படகு கட்டும் பரம்பரை ஓடாவிமார். மிரரைக் கட்டினது வாத்தியார், கிளார்க், பள்ளிக்கூடப் பெடியள். அதனால் ஒவ்வொரு மிரரும் ஒவ்வொரு விதம். ஒன்றில் பிசின் வடிவாக ஊறியிருக்கும், இன்னொன்றில் நாடா சும்மா மேலோட்டமாக ஒட்டியிருக்கும். உங்கள் படகைக் கட்டினவரின் கை எப்படி என்று முதலில் பாருங்கோ. சாமான் பிறகு.

---

#3 முட்டம்தச்சன்

வல்வை அண்ணன் சொல்வதுதான் சரி. அந்தப் பட்டியலை அப்படியே மூடி வையுங்கள்.

கன்னியாகுமரிக் கரையில் 1980களிலிருந்தே ஒட்டுப்பலகை வள்ளம் ஓடுகிறது, அதுவும் இதே தையல் முறைதான். நான் கட்டியதை விடப் பழுது பார்த்ததே அதிகம். பலகை நடுவில் தானாக உளுத்துப் போன வள்ளத்தைப் பார்த்தது மிகக் குறைவு. உளுப்பு தொடங்குவது எப்போதும் ஒரு ஓட்டையில்தான். யாரோ கிளீட் வைக்கத் துளை போட்டிருப்பார், ஆணி அடித்திருப்பார், விளிம்பைப் பூசாமல் விட்டிருப்பார். தண்ணீருக்கு அது போதும்.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் படகு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென்று கேட்கும். சத்தம் மொத்தையாக வந்தால் அங்கே பென்சிலால் வட்டம் போட்டு, ஊசி முனையுள்ள எதையாவது வைத்து அழுத்துங்கள். இந்த இடங்களை விடாதீர்கள்: பின்பலகையில் சுக்கான் மாட்டும் இரும்பைச் சுற்றி, டாகர்போர்டு பெட்டி அடிப்பலகையோடு சேரும் மூட்டு, பாய்மரம் ஊன்றும் இடம், பாய்மரத்தைப் பிடிக்கும் பக்கக் கம்பி மாட்டும் தகடுகள், காற்றுப் பெட்டிகளின் உள்மூலைகள்.

காற்றுப் பெட்டிகளைத் தனியாகச் சோதிக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் உங்களையும் பிள்ளையையும் மிதக்க வைப்பது அவைதான். மூடிகளை அடைத்து, வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழி வரும். கம்ப்ரெசரை மட்டும் கொண்டுவராதீர்கள், 5 மில்லிமீட்டர் பலகை பிளந்துவிடும்.

---

#4 தேம்ஸ்கரையான்

நன்றி அண்ணா. சனிக்கிழமை முழுக்கத் தட்டினேன். மகள்தான் வட்டம் போட்டாள்.

அடிப்பலகை முழுக்க நல்ல சத்தம். டாகர்போர்டு பெட்டியின் பின்மூலையில் மட்டும் கொஞ்சம் சந்தேகம். மோசமான இடம் பின்பலகை. சுக்கான் இரும்பைக் கழற்றியபோது திருகுகள் கையோடு வந்துவிட்டன. பித்தளைத் திருகுகள்தான், ஆனால் இளஞ்சிவப்பு நிறமாகி, விரலால் வளைத்தாலே உடைகின்றன. துளைக்குள் குச்சியை விட்டால் ஈரத் தேயிலைத்தூள் போலப் பலகை உதிர்ந்து வருகிறது. துளையைச் சுற்றி உள்ளங்கை அகலம் போய்விட்டது. அதற்கு மேல் பலகை நன்றாகவே இருக்கிறது.

இடது பக்கக் காற்றுப் பெட்டியில் குமிழி வருகிறது, மற்றவை பிடிக்கின்றன. இன்னொரு சந்தேகம்: உள்மூட்டு நாடாவுக்கு அடியில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. உளுப்பா?

---

#5 கென்ட்அக்கா

பச்சைப் புள்ளி தையல் போட்ட செப்புக் கம்பி தம்பி. ஈரம் சேர்ந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. நாடா பலகையை விட்டு எழும்பியிருந்தால் அந்தத் துண்டை உரித்தெடுங்கள். இறுக்கமாக இருந்தால் தொட வேண்டாம்.

பின்பலகைக்கு: உளுத்ததை முழுக்க வெட்டி எடுங்கள். உளுத்த பலகையில் தண்ணியான பிசினை ஊற்றினால் கல்லாகிவிடும் என்று விற்கிறார்கள். மேல்பக்கம் கெட்டியாகும், ஆனால் போன பலம் திரும்பாது. சுக்கான் தொங்கும் இடத்தில் அதை நம்ப முடியாது. புதுத் துண்டைச் சாய்வெட்டுப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றுக்கு எட்டு என்பது சாய்வுக் கணக்கு, 5 மில்லிமீட்டர் பலகைக்கு 40 மில்லிமீட்டர். பலகை பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையுள்ள மரைன் பிளையாக (படகுக்கான ஒட்டுப்பலகை) இருக்கட்டும். வீட்டு வேலைக்கு விற்கும் பிளை வேண்டாம், உள்ளே இடைவெளி இருக்கும்.

ஒட்டுவதற்கு எபோக்சி, அதாவது பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் கலக்கும் பசை. வெஸ்ட் சிஸ்டம் 105 பிசினும் 205 ஹார்ட்னரும் என்றால் 5:1. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் அது சரியாக இறுகாது. அளவு என்றால் அளவுதான். ஒட்டுவதற்குச் சிலிக்கா பொடி கலந்து குழைக்கவும். லேசான மைக்ரோபலூன் பொடி மேடுபள்ளம் நிரப்ப மட்டும், மூட்டுக்குள் போடக் கூடாது. இறுகிய பிறகு மேலே மெழுகுத்தனமாக ஒரு படலம் வரும். வெறும் தண்ணீரும் தேய்க்கும் பஞ்சும் போதும், அதைக் கழுவிய பிறகே மணற்தாள். கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு பிடிக்காது.

கையுறை இல்லாமல் எபோக்சியைத் தொடாதீர்கள். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அதன் பக்கம் போக முடியாது. 1970களின் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் நனைத்துத் தேய்த்து முகமூடி போடுங்கள். மகளை அந்த நேரத்தில் தள்ளி வையுங்கள்.

ஈரத்தோடு எதையும் மூடாதீர்கள். ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டட்டும், அதுவரை கராஜுக்குள் விசிறி போட்டு வையுங்கள்.

---

#6 சிக்கனம்

கொஞ்சம் நிதானம். இது ஓசியில் வந்த படகு. கிட்டில் அந்தக் காலத்தில் கொடுத்ததே பாலியெஸ்டர் பிசின்தான், அது இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது. கார் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் பில்லரும் நாடாவும் வைத்து அடைத்து, இந்தக் கோடையில் ஓட்டலாமே. எபோக்சி, மரைன் பிளை என்று சேர்த்தால் அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் இன்னொரு மிரரே வாங்கிவிடலாம்.

---

#7 முட்டம்தச்சன்

> பாலியெஸ்டர் பில்லரும் நாடாவும் வைத்து அடைத்து

காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான், ஓடுகிற மிரர் மலிவாகவே கிடைக்கும். ஆனால் பாலியெஸ்டர் தாங்கியது புதுப் பலகையில். பழைய பலகையில் அதன் பிடி குறைவு. கார் பில்லர் ஈரத்தையும் உறிஞ்சும். தேய்த்துச் சுத்தம் செய்த பழைய பாலியெஸ்டர் மேல் எபோக்சி நன்றாக ஒட்டும். எபோக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஆகவே இன்றைக்கு எபோக்சி போட்டால் பிறகும் அதுவேதான். தம்பிக்குத் தேவை உள்ளங்கை அகலத் துண்டும் சில மூட்டுகளும், சின்ன டின் போதும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். சாமான் பொருத்துவதும் உடலைத் தேற்றுவதும் வேறு வேறு வேலை இல்லை. ஒவ்வொரு கிளீட்டும் பலகையில் ஒரு ஓட்டை. அந்தப் பின்பலகை போனதற்குக் காரணம் மழையோ வயதோ இல்லை, இரண்டு திருகுத் துளைகள். அதே துளையில் பளபளவென்று புதுச் சாமானைத் திருகினால் அடுத்த உளுப்புக்கு விதை போட்டாயிற்று.

துளை போடுவது இப்படி. 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டரில் துளையுங்கள். அடியில் டேப் ஒட்டி, துளைச் சுவரில் முதலில் தண்ணியான எபோக்சியைப் பிரஷ்ஷால் ஊற விடுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சிலிக்கா கலந்த எபோக்சியால் துளையை நிரப்பி மூடுங்கள். மறுநாள் அந்தக் கட்டியின் நடுவில் 5 மில்லிமீட்டரில் துளைத்தால் போல்ட் பலகையைத் தொடவே தொடாது. தண்ணீர் உள்ளே வந்தாலும் பலகையின் நார் கிடைக்காது.

பழைய துளைகளுக்கும் இதேதான். வேண்டாத துளைகளை அடைத்துவிடுங்கள். இந்த மாதிரிப் படகில் ஒரு சொந்தக்காரர் போன பிறகு அடுத்தவர் தன் இஷ்டத்துக்கு ஒன்று மாட்டியிருப்பார். டப்பாவில் இருக்கும் கப்பியை எல்லாம் திரும்ப மாட்ட வேண்டியதில்லை.

5 மில்லிமீட்டர் பலகையில் வெறும் மரத்திருகு பிடிக்காது. இழுவிசை வரும் இடத்தில் உள்பக்கம் ஒரு பிளைத் துண்டை ஒட்டி, போல்ட், பெரிய வாஷர், நைலான் வைத்த நட் போடுங்கள். காற்றுப் பெட்டிக்குள் கை போக வட்ட மூடி வைக்கலாம், அதை வைத்தால் உள்ளே காற்றும் ஓடும்.

---

#8 வல்வைக்காற்று

உலோகம் பற்றி இரண்டு வார்த்தை. தம்பி சொன்ன இளஞ்சிவப்புத் திருகு, உப்புத் தண்ணீரில் நாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சின பித்தளை. கடல் பக்கம் ஓடின படகு என்பதற்கு அதுவே சாட்சி. புதுசுக்கு வெண்கலம், இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸில் ஏ4 தரம். ஏ2 சமையலறைக்குச் சரி, கடலுக்குக் காணாது. ஏ4 கூட ஈரப் பலகைக்குள் காற்றில்லாமல் கிடந்தால் உள்ளுக்குள் அரிக்கும். வெளியே தலை மினுங்கும், உள்ளே கழுத்துப் போயிருக்கும். முட்டத்து அண்ணை சொன்ன எபோக்சித் துளை அதற்கும் மருந்து.

சாமானுக்கு அடியில் பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, ஒரே நாளில் இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கோ. சிலிக்கோன் மட்டும் வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்டும் ஒட்டாது.

---

#9 பாய்க்காரி

பாயைப் பற்றி யாரும் பேசவில்லையே. புதுப் பாய் வாங்கும் முன் பழையதைப் பாருங்கள்.

வெயிலில் முதலில் சாவது நூல், துணி பிறகுதான். தையல் மேல் நகத்தால் சுரண்டுங்கள். நூல் பொடிந்தால் பாய் தைப்பவரிடம் கொடுத்துத் தையலை மட்டும் மறுபடி ஓட்டச் சொல்லலாம். பருமல் உரசும் இடம், பாயின் மூன்று மூலைகள், சட்டம் செருகும் பைகள் இவற்றைப் பாருங்கள். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மெலிந்த இடம் தெரிந்துவிடும். கராஜ் இருட்டில் கிடந்த பாய்க்கு இன்னும் ஆயுள் இருக்கலாம். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டு ஊற வைத்து அலசுங்கள், வாஷிங்மெஷின் கூடாது. பழகுவதற்கு இந்தச் சிவப்புப் பாயே போதும் என்பது என் கருத்து. போட்டிக்குப் போகிறவர்களுக்குத்தான் புதுப் பாய் அவசரம்.

கயிறு மட்டும் முழுக்கப் புதிது வாங்குங்கள். பாய் ஏற்ற 5 மில்லிமீட்டர் பாலியெஸ்டர், முன்கூட்டியே இழுத்து நீட்சி எடுத்த வகை. மிரரில் பருமல் பாய்மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். கயிறு நீண்டால் பருமல் சரிந்து பாயின் வடிவமே போய்விடும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு 8 மில்லிமீட்டர் இருக்கட்டும், அதற்கும் மெல்லியது மகளின் கையை அறுக்கும். நங்கூரத்துக்கு நைலான், அந்த இடத்தில் நீட்சி நல்லது.

பக்கக் கம்பிகளின் மேல் ஒரு டிஷ்யூ தாளை ஓட்டுங்கள். எங்காவது நார் பிரிந்திருந்தால் தாள் மாட்டும். ஒரு நார் போயிருந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள்.

பாய்மரத்துக்கு வார்னிஷ். எபோக்சி பூசினாலும் அதற்கு மேல் வெயில் தாங்கும் வார்னிஷ் கட்டாயம், ஏனென்றால் எபோக்சிக்கு வெயில் ஆகாது.

---

#10 தேம்ஸ்கரையான்

எல்லோருக்கும் நன்றி. நூல் கொஞ்சம் பொடிகிறது, துணி நன்றாக இருக்கிறது. பாய் தைப்பவரிடம் கொடுத்திருக்கிறேன். பின்பலகைத் துண்டு ஒட்டியாயிற்று. இப்போது எஞ்சின். தெரிந்தவர் ஒருவர் பழைய சீகல் ஒன்று தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

---

#11 சிக்கனம்

சீகல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பூல் நகரில் செய்த எஞ்சின், ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்பார்க் பிளக்கும் இருந்தால் கரையிலேயே பழுது பார்க்கலாம். உதிரி பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. பழைய மாடல்களுக்கு 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். பிந்தியவற்றுக்கு 25க்கு 1. எந்த மாடல் என்று பார்த்து ஊற்றுங்கள்.

---

#12 முட்டம்தச்சன்

இந்த முறை நான் மறுக்கிறேன். சீகல் உழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுழலும் சக்கரம் மேலே திறந்து கிடக்கும், கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். சின்னப் பிள்ளையின் தலைமுடி பக்கத்தில் அது வேண்டாம். நியூட்ரல் இல்லாத மாடல் என்றால் கிளம்பியவுடனே படகு ஓடும். எண்ணெய்ப் புகையும் ஆற்றில்தான் போகும்.

முதலில் நல்ல துடுப்பு ஒரு ஜோடியும் அது மாட்டும் கொண்டியும் வாங்குங்கள். மிரர் துடுப்புக்கும் சேர்த்து வடிவமைத்த படகு, ஆற்றில் காற்று விழுந்தால் துடுப்பே வீடு சேர்க்கும். எஞ்சின் பின்பலகையில் தொங்கும் எடை. சின்ன நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் கூடச் சுமார் 13 கிலோ. இப்போதுதான் ஒட்டிய பின்பலகைக்கு உள்ளே நல்ல தாங்குகட்டை போடாமல் அதைத் தொங்கவிடாதீர்கள்.

பிறகு வாங்கினால் எத்தனால் கலந்த பெட்ரோலில் கவனம். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலே இ10 ஆகிவிட்டது. அது ஈரத்தை உறிஞ்சும். வாரக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பசையாகிவிடும். வீட்டுக்கு வரும் முன் பெட்ரோலை அடைத்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவர் காலிலோ கையிலோ மாட்டியே இருக்கட்டும்.

---

#13 கென்ட்அக்கா

திசைகாட்டிக்கு வைத்த காசை மிதவைச் சட்டைக்குப் போடுங்கள். நீந்தத் தெரிந்தவர் டிங்கி ஓட்டுவதற்கு 50 நியூட்டன் மிதவை வழக்கம். மகளுக்கு அவளுடைய எடைக்கு ஏற்றதாகவும், கால் இடுக்கில் பட்டை உள்ளதாகவும் வாங்குங்கள். வளர்வாள் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால் தண்ணீரில் சட்டை மேலே ஏறி முகத்தை மூடும்.

வாளி ஒன்று கயிறு கட்டிய நிலையில், இரண்டு மீட்டர் சங்கிலியோடு சின்ன நங்கூரம், விசில், மாலையில் நேரமானால் காட்ட ஒரு டார்ச். டாகர்போர்டு, துடுப்பு, வாளி எல்லாம் படகோடு கட்டியிருக்க வேண்டும். கவிழ்ந்தால் முதலில் மிதந்து போவது டாகர்போர்டு. அது இல்லாமல் படகை நிமிர்த்துவது மிகவும் கஷ்டம்.

டெடிங்டனுக்கு மேலே தேம்ஸ் சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பில் இருக்கிறது. எஞ்சின் இல்லாத படகுக்கும் பதிவு வேண்டும், இறக்கும் முன் முடித்துவிடுங்கள்.

---

#14 தேம்ஸ்கரையான்

பெயின்ட் முடிந்தது. உள்ளே வெள்ளை, வெளியே கரும்பச்சை, ஒற்றை டின் எனாமல். சாமான்கள் எல்லாம் எபோக்சித் துளையில் ஏறிவிட்டன. டப்பாவிலிருந்த கப்பிகளில் பாதிக்கு மேல் மாட்டவில்லை, அந்தத் துளைகளை அடைத்துவிட்டேன். நேற்று நண்பரின் கிளப் கரையில் இறக்கினோம். பாய் இல்லை, துடுப்பு மட்டும். மகள் வலித்தாள்.

ஒரே ஒரு சந்தேகம். கரையேற்றி வடிகால் அடைப்பைக் கழற்றியபோது இடது பெட்டியிலிருந்து அரைக் குவளை அளவு தண்ணீர் வந்தது. அந்த மூட்டைத் திறந்து புது நாடா போட்டிருக்கிறேன், ஊதிப் பார்த்தபோது குமிழி இல்லை.

---

#15 முட்டம்தச்சன்

ஊதும்போது வடிகால் துளையில் குழாய் இருந்தது, அதனால் அந்தத் துளை மட்டும் சோதனைக்கு வரவில்லை. அடைப்பின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது அடைப்பு மாட்டும் கூடு பலகையில் உட்காரும் இடத்தில் ஒழுகும். வளையத்தை மாற்றுங்கள். கூட்டைக் கழற்றி, பழைய திருகுத் துளைகளையும் எபோக்சியால் நிரப்பித் திரும்ப வையுங்கள். பிறகு வட்ட மூடி வழியாகப் பெட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடைப்பைப் போட்டு, வெளியே காகிதம் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் நிற்கும்போது எல்லா அடைப்பும் வட்ட மூடியும் திறந்தே இருக்கட்டும். அணியம் (முன்பக்கம்) கொஞ்சம் மேலே, பின்பக்கம் தாழ்வாக. மேலே போடும் தார்ப்பாய் படகைத் தொடாமல் கூடாரமாக நிற்க வேண்டும், அடியில் காற்றுப் போக வேண்டும்.

---

#16 தேம்ஸ்கரையான்

கூடுதான் அண்ணா. நாலு திருகில் இரண்டு வெறும் பலகையில் இருந்தன, நான் தொடாமல் விட்ட பழைய துளைகள் அவை. நிரப்பியாயிற்று, காகிதம் காய்ந்தே இருக்கிறது. பதிவும் வந்துவிட்டது. பாய் தைப்பவர் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார். பருமல் ஏற்றும்போது கயிறு எவ்வளவு இறுக வேண்டும் என்று பாய்க்காரி அக்காவிடம் தனியாகக் கேட்கிறேன்.